கரை காக்கும் கூட்டு

(பங்கின் பவள விழா நான்காம் நாள் மாலை, உழவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் கூடிய அரங்கில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு 'மாறிவரும் பருவமும் நம் மக்களும்' என்பது. தலைப்பு பெரிது, கொடுத்த நேரம் சிறிது. எட்டு மணிக்கு வில்லிசை இருக்கிறது என்று இப்போதே மேடைக்குப் பின்னால் நினைவூட்டுகிறார்கள். ஆகவே உலகத்தையெல்லாம் சுற்றி வராமல் நம் வாய்க்காலைப் பற்றியும், அதில் கோத்த குளங்களைப் பற்றியும் பேசலாம் என்று எண்ணுகிறோம். முடிவில் உங்களிடம் காசும் கேட்கப் போகிறோம். அதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம், பிறகு ஏமாந்தோம் என்று யாரும் சொல்லலாகாது.

2016-ஆம் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகம் முழுவதும் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. ஏறக்குறைய 140 ஆண்டுகளில் இப்படி ஒரு பொய்த்த மழை இல்லை என்று கணக்கு வைத்திருப்போர் கூறினர். பிசானத்துக்கு நாற்றுப் பாவியவர்கள் அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். குளத்தின் உள்வாயில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஏழு ஆண்டுகள் சென்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் திறந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையே ஏறத்தாழ 65 செ.மீ. தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓராண்டின் மழையை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் தாங்க எந்தக் குளத்தையும் எந்த முன்னோரும் வெட்டி வைக்கவில்லை.

இது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் கடினமானதன்று. காற்று சூடேற ஏற அது அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு பாகை வெப்பம் கூடினால் சுமார் 7 விழுக்காடு ஈரம் கூடுகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து மனிதகுலம் பூமியைச் சூடாக்கிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டு 2024. ஈரம் தாங்கிய காற்று பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, பெய்யாவிட்டால் மண்ணில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஒரு குறிப்பிட்ட நாளின் மழையை மட்டும் சுட்டிக்காட்டி இது முழுக்க அதனால்தான் என்று அடித்துப் பேசுவது சரியன்று. 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். ஆனால் அத்தகைய நாட்கள் இனி அடிக்கடி வரும் என்று எதிர்பார்த்து நடப்பதுதான் அறிவுடைமை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் பருவநிலையை எல்லாருக்கும் உரிய பொதுநன்மை என்றே எண்ணியிருக்கிறார். பொதுச்சொத்து என்றால் அதற்குக் காவலும் பொதுவாகத்தானே இருக்கவேண்டும்?

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணிக்கு நீளம் ஏறத்தாழ 125 கி.மீ. தான். அந்தச் சிறு தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து, வெள்ளையர் காலத்தில் எழுந்த திருவைகுண்டத்தில் முடிகிறது. இவற்றால் பாசனம் பெறும் நிலம் 86 ஆயிரம் ஏக்கருக்கும் மேல். நம் மாவட்டத்திற்குள் மருதூரிலிருந்து மேலக்காலும் கீழக்காலும், திருவைகுண்டத்திலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து ஐம்பதுக்கு மேற்பட்ட குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. தனிக்குளம் என்று சொல்லத்தக்கது இவற்றில் அரிது. மேல குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அதுவே கீழ குளத்துக்கு வரத்து. ஒரு குளத்தின் கழிவு அடுத்த குளத்தின் வரவு. செபமாலையில் மணிகளைக் கோத்ததுபோல் கோத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோவையில்தான் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. குளம் தூர்ந்துபோனால் என்ன ஆகிறது? பத்தடி ஆழம் நிற்க வேண்டிய தண்ணீர் ஐந்தடிதான் நிற்கும். மிச்சம் அவசரமாக அடுத்த குளத்துக்குப் போகும். வெயில் காலத்தில் நமக்குத் தண்ணீர் இல்லை; மழைக் காலத்தில் அடுத்த ஊருக்கு வேண்டாத தண்ணீர். இன்னொன்றும் நடக்கிறது. மேல ஊரார் இன்னும் இரண்டு வாரத் தண்ணீர் தேங்கட்டும் என்று மறுகாலின் மேல் பனந்தடியும் மணல் மூட்டையும் அடுக்குகிறார்கள். நல்ல ஆண்டில் அது அவர்களுக்கு ஆதாயம். பெருமழை ஆண்டில், வழிய வேண்டிய தண்ணீர் வழியாமல் கரையைத் தேடுகிறது. எலி வளையும் உடைமர வேரும் இருக்கிற இடத்தில் கசிவு எடுக்கிறது. மூன்று நாளில் மறுகால் வழியே மெள்ளப் போயிருக்கும் தண்ணீர், கரை உடைந்தால் ஒரே மணி நேரத்தில் கீழே வருகிறது. அதை எந்த மறுகாலும் கடத்தாது. ஆகவே இரண்டாவது குளம் உடைகிறது, பின்பு மூன்றாவது. வடகாலின் கடைக்கோடியிலுள்ள கோரம்பள்ளம் குளம் அன்று உடைந்து அத்திமரப்பட்டிப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்ததை நாடே அறியும். அந்தக் குளத்துக்கு ஆற்று நீரும் வருகிறது, மேற்கே வானம் பார்த்த பூமியிலிருந்து ஓடை நீரும் வருகிறது. அந்த ஊரார் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் அதைக் காக்க முடியுமா?

நம் வாய்க்காலில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு இரண்டாங்குளம் போயிற்று; விடிவதற்குள் மூன்றாங்குளம். தண்ணீர் வடியுமுன் ஒரு வதந்தி வடியாமல் நின்றது: மேல ஊரார் தங்கள் கரையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றே வெட்டி விட்டார்கள் என்று. ஒன்றரை ஆண்டு காலம் இரண்டு ஊரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசி முடித்த ஒரு திருமணம் நின்றுபோயிற்று. பால்காரர் பாதையை மாற்றிக்கொண்டார். வெள்ளம் வடிந்த பின் நாமும் நான்கு ஊர்ப் பெரியவர்களும் அந்த உடைப்பின் மேல் நடந்து பார்த்தோம். மண்வெட்டி பட்ட தடம் எங்குமில்லை. உடைமரத்தின் வேர் கரையின் உட்புறம் வரை ஓடியிருந்தது. மறுகாலை அமலைச் செடி மெத்தை போட்டது போல் அடைத்திருந்தது. இருபது பேர் இரண்டு நாள் வேலை செய்திருந்தால் அந்த அமலையை அகற்றியிருக்கலாம். யாருடைய வேலை அது என்பதில் இரண்டு ஊருக்கும் ஏழெட்டு ஆண்டாகத் தகராறு.

இங்கே பழைய காலத்தைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏக்கர் கணக்கில் ஆளும் கூலியும் தந்து ஊரார் குளத்தைப் பேணினார்கள். மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்ப்பாய்ச்சி இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். இவை அனைத்தும் மெய். ஆனால் அந்தப் பழமையைச் சர்க்கரைப்பாகில் முக்கி எடுக்க நாம் விரும்பவில்லை. கரைக்கு மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். தண்ணீர் பாய்ந்த நிலம் வேறொருவருடையது. 1858-இல் வெள்ளையர் அரசு அந்த வழக்கத்தைச் சட்டமாக்கிக் கட்டாய உழைப்பாக வாங்கப் பார்த்தது. கட்டாயமான பிறகு அந்த வழக்கத்தின் உயிர் போய்விட்டது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் மீண்டும் ஒரு திட்டம் தொடங்கி, முதல் தவணையாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை எடுத்துக்கொண்டது. பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணந்தான். ஆனால் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால், மேல் குளத்தின் கரையை உயர்த்திவிட்டுக் கீழ் குளத்தைப் பழையபடி விட்டால், ஆபத்தைக் கூட்டியவர்களாகிறோம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1992 முதல் 'வயலகம்' என்ற பெயரில் செய்துவரும் வேலையில் நமக்குப் பிடித்தது இதுதான்: குளத்துக்கு ஒரு சங்கம், அந்தச் சங்கங்கள் கூடிக் குளத்தொடருக்கு ஒரு சங்கம், அதற்கு மேல் ஒரு கூட்டமைப்பு. தண்ணீர் போகும் வழியிலேயே மனிதர்களையும் கோத்திருக்கிறார்கள்.

காசைப் பற்றிச் சொல்லும் முன் விவிலியத்தில் இரண்டு இடங்களைக் காட்ட விரும்புகிறோம். இது மறையுரை அன்று, அஞ்ச வேண்டாம். திருத்தூதர் பணிகள் பதினோராம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உண்டு. அகபு என்பவர் அந்தியோக்கியாவுக்கு வந்து, பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அறிவிக்கிறார். கிளவுதியு அரசன் காலத்தில் அது வந்தது. ஆனால் அந்தியோக்கிய மக்கள் பஞ்சம் வந்து பிணம் விழட்டும் என்று காத்திருக்கவில்லை. அறிவிப்பு வந்ததுமே அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்க்கத் தீர்மானித்து, பல நாள் பயணத் தொலைவில் இருந்த யூதேயா மக்களுக்குப் பர்னபா, சவுல் ஆகிய இருவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முன்னறிவிப்பைக் கேட்டுச் சேர்த்த நிதி, வேற்று ஊருக்குச் சேர்த்த நிதி, ஒருவர் கையில் அல்லாமல் இருவர் கையில் ஒப்படைத்த நிதி. மூன்றும் நமக்கு வேண்டியவை.

மற்றொன்று யோசேப்பின் கதை. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொன்னார். இந்த ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு நம் காலத்திலும் வருகிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 15-ஆவது நிதிக்குழு வகுத்தது 1,60,153 கோடி ரூபாய். அதில் 80 விழுக்காடு அழிவு நேர்ந்தபின் செய்யும் உதவிக்கு. 20 விழுக்காடு அழிவைத் தணிக்க முன்கூட்டியே செய்யும் வேலைக்கு. முன்வேலைக்கென்று தனியாக எடுத்து வைத்ததே ஒரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2023 வெள்ளத்தின் போது நம் மாவட்டத்திலும் நெல்லை மாவட்டத்திலும் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வந்தது. அந்தப் பணத்தில் அடுப்பெரிந்தது, நன்றியோடு சொல்வோம். ஆனால் உடைந்த கரைக்கு அது ஒரு கூடை மண்ணும் போடவில்லை.

யோசேப்பின் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு, மறைக்கல்வி வகுப்பில் அதை அதிகம் சொல்வதில்லை. பஞ்சம் முடிந்தபோது எகிப்தியரின் கால்நடைகளும் நிலங்களும் பார்வோனுக்குச் சொந்தமாகிவிட்டன. தானியம் மக்களுடையது, களஞ்சியத்தின் சாவி மட்டும் அரண்மனையில் இருந்தது. பொது நிதி என்று யார் பேசினாலும், சாவி எங்கே என்று கேளுங்கள். நம்மையும் கேளுங்கள்.

சிறியவர்கள் கூடினால் என்ன செய்யலாம் என்பதற்குத் தொலைதூரத்துச் சான்று ஒன்று கூறுவோம். அமெரிக்கக் கண்டங்களுக்கு நடுவே கரீபியக் கடலில் கிரெனடா என்றொரு தீவு நாடு. மொத்த மக்கள் தொகை நம் தூத்துக்குடி மாநகரின் அளவுகூட இல்லை. சாதிக்காய் விளைவித்துப் பிழைப்பவர்கள். 2004 செப்டம்பரில் இவான் என்ற புயல் அடித்து, பத்தில் ஒன்பது வீடுகளைச் சேதப்படுத்திற்று. நாட்டின் ஓராண்டு வருமானத்தைப்போல் இரண்டு மடங்கு நட்டம் ஒரே நாளில். எந்தக் காப்பீட்டு நிறுவனம் இத்தனை சிறிய நாட்டுக்குத் தாங்கத்தக்க விலையில் காப்பீடு தரும்? அப்போது அந்த வட்டாரத்து அரசுகள் ஒன்று செய்தன. 16 அரசுகள் சேர்ந்து, உலக வங்கியின் உதவியோடும் பல நாடுகளின் கொடையோடும், 2007-இல் ஒரு கூட்டுக் காப்பீட்டு நிதியை ஏற்படுத்தின. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறது. ஒரே ஆண்டில் எல்லாத் தீவையும் புயல் தாக்குவதில்லை. ஆகவே இவ்வாண்டு தப்பியவரின் சந்தா அடிபட்டவருக்கு உதவுகிறது.

இதில் நாம் வியந்தது காசின் அளவைவிட அது வரும் வேகத்தையே. வீடு வீடாகச் சென்று சேதம் எழுதி, மனுப் போட்டு, மேலிடம் பார்த்து, கையொப்பம் ஆகி வருவதன்று. காற்று இத்தனை வேகம், மழை இத்தனை அளவு என்று முன்னரே பேசி முடித்த அளவுகோல் இருக்கிறது. அதைக் கடந்தால் 14 நாளில் பணம். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலம் நடுங்கியபோது அப்படியே கொடுத்தார்கள். 2024 ஜூலையில் பெரில் என்ற புயல் கிரெனடாவைத் தாக்கியபோது 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2019-இல் கிரெனடாவிலும் செயிண்ட் லூசியாவிலும் மீனவர்களுக்கென்றே இதுபோன்ற காப்பீடு தொடங்கினார்கள் என்பதை நம் துறை மக்கள் குறித்துக்கொள்ளலாம். குறையும் உண்டு: காற்று அளவுகோலுக்கு ஒரு விரல் கீழே அடித்து வீட்டைப் பிரித்துப் போட்டால் ஒரு காசும் கிடையாது. எந்த ஏற்பாடும் குறையற்றதன்று. ஆயினும் அளவுகோலை வெயில் நாளிலேயே பேசி முடித்துவிட்டால் மழை நாளில் சண்டை இல்லை என்ற ஒன்றை அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இனி நாம் கேட்க வந்தது. நம் வாய்க்காலில் கோத்த ஐந்து குளங்களுக்கும் சேர்த்து ஒரு கரைநிதி. மூன்று கோயில்களும் ஒரு பள்ளிவாசலும் நம் ஆலயமும் இருக்கிற ஐந்து ஊர்கள்; அவற்றோடு கழிமுகத்தில் இருக்கும் நம் துறை மக்கள். பிசானம் அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலமுடையோர் தரவேண்டும். நிலம் இல்லாதவர் காசு தரவேண்டாம். அவர்கள் கரைவேலைக்கு வந்தால் கூலி கொடுத்தே வாங்க வேண்டும். பழைய குடிமராமத்தில் நடந்த அநியாயத்தைப் புதிய பெயரில் கொண்டுவர நாம் துணைபோக மாட்டோம். இந்த நிதியில் ஐப்பசிக்கு முன் ஐந்து மறுகாலும் சுத்தமாக வேண்டும். கரைகளில் களிமண்ணும் சாக்கும் முன்னரே குவித்து வைக்க வேண்டும். மழைக்காலம் மூன்று மாதமும் ஒவ்வொரு கரையிலும் இரவுக் காவலுக்கு ஓர் ஆள், அவருக்கு முறையான சம்பளம். மேல குளத்தில் கல்லில் வெட்டிய அளவுக்கோடு ஒன்று. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் மறுகாலில் அடுக்கிய எதையும் யாரையும் கேளாமல் அகற்றிவிடலாம், கீழ ஊர் நால்வருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை எங்கே வெட்டுவது என்று இந்தச் சித்திரை வெயிலிலேயே ஐந்து ஊரும் பேசி முடித்துவிட வேண்டும்.

இந்தச் சிறுநிதியால் கரை முழுவதையும் கட்டிவிட முடியாது என்பது நமக்கும் தெரியும். அதற்குப் பொதுப்பணியின் பணம் வேண்டும், தணிப்பு நிதி வேண்டும், மறைமாவட்டச் சமூக சேவைப் பிரிவின் உதவியும் வேண்டும். ஆனால் ஐந்து ஊரும் ஐந்து மனு கொடுத்தால், எந்த அதிகாரிக்கும் ஒன்றை எடுத்து நான்கை வைத்துவிடுவது எளிது. ஒரே வரைபடம், ஒரே மனு, கீழே ஐந்து ஊரின் கையொப்பம், கையில் நாமே சேர்த்த தொகையின் கணக்கு என்று போனால் பேச்சே வேறாக இருக்கும். நம் கடலிலேயே இதற்குச் சான்று உண்டு. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986-இல் 16 எக்டேர் இருந்தது. 2014-இல் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கிவிட்டது. கடலுக்குப் போகும் நம் மக்கள் அது கரைவதைக் கண்ணால் கண்டவர்கள். நம் ஊரிலுள்ள கடல் ஆய்வு நிலையத்தாரும் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தாரும் சேர்ந்து வகுத்த திட்டத்தின்படி, பருவநிலை மாற்றத்துக்கான தேசிய நிதியிலிருந்து பணம் வந்து, 2015 இறுதி முதல் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கினார்கள். தீவு முழுவதும் போய்விடாமல் நின்றது. அளந்து எழுதிய கணக்கு கையில் இருந்ததால்தான் அந்த நிதியைக் கேட்க முடிந்தது.

குளத்துக்கு மீனவன் ஏன் பணம் தர வேண்டும் என்று துறையிலிருந்து ஒருவர் நேற்று நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உடைந்த குளங்களின் தண்ணீரெல்லாம் உப்பளத்தைக் கரைத்துக்கொண்டு கழிமுகத்துக் குடிசைகளின் வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று என்பது ஒரு பதில். மற்றொரு பதில், அந்த நாட்களில் படகை லாரியில் ஏற்றி வயல்காட்டுக்குக் கொண்டுவந்து கூரைமேல் இருந்தவர்களை இறக்கியவர்கள் மீனவர்கள். 2018-இல் கேரளத்து மீனவரும் இதையே செய்தார்கள். ஆகவே துறை மக்களிடம் இந்த நிதிக்குப் பணம் கேட்கவில்லை. படகும் கயிறும் ஆளும் தந்தாயிற்று, அதுவே சந்தா. அதற்குப் பதிலாக, புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்களில் துறைக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்க இந்த நிதியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று மேட்டு ஊர்களைக் கேட்கிறோம். திருவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் விரைவு வண்டி அந்த வெள்ளத்தில் நின்றுபோனபோது, யார் எந்த ஊர் என்று கேளாமல் பக்கத்துப் புதுக்குடி மக்கள் சோறாக்கிக் கொடுத்தார்கள். அந்த மனம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி முறைப்படுத்துவதுதான் மீதி.

சாவியைப் பற்றிச் சொன்னோமே. கணக்கு நம் ஆலயத்தின் பெயரில் இருக்கக் கூடாது. பங்குத் தந்தையர் மாறிப்போவார்கள், அது ஒன்று. மற்ற ஊரார் இதைக் கிறிஸ்தவர்களின் காசு என்று எண்ணிவிட்டால் நிதி அன்றே செத்தது, அது இரண்டு. மூன்று ஊரைச் சேர்ந்த மூவர் கையொப்பம் இட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுப்போம். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். மகளிர் குழுக்களின் கணக்கு இதுவரை ஒரு ரூபாயும் பிசகாததை ஆண்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து ஊரிலும் கணக்கை உரக்க வாசிக்க வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாங்குளத்தின் உள்வாயில் வரப்புக் கட்டி வாழை வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் நம் பங்கைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், முன்வரிசையில் அமரக்கூடியவர்கள். அவர்கள் அந்த நிலத்தை விடாதவரை மேல ஊராரிடம் மணல் மூட்டையை எடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பெயர் சொல்லவில்லை. இந்த வாழை வெட்டி முடிந்ததும் மறுபடி கன்று வைக்காதீர்கள் என்று வீடு தேடி வந்து கேட்போம்.

இறுதியாக, விழா நிதி. வரவு செலவு போக மீதம் இருக்கும் என்று பொருளாளர் சொல்லுகிறார். அதில் சாலையோரத்தில் ஒரு தோரண வாயில் கட்டலாம் என்று குழுவில் பலர் விரும்புகிறீர்கள். பவள விழாவின் நினைவாக ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசையை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்த மீதத்தைக் கரைநிதியின் முதல் தொகையாக வைத்தால், மற்ற நான்கு ஊரும் தங்கள் பங்கை வைப்பதாக அவர்களின் பெரியவர்கள் இங்கே வருமுன் நம்மிடம் வாக்களித்திருக்கிறார்கள். முடிவு பங்குப் பேரவையுடையது. நமக்கு அதில் ஒரு வாக்குத்தான். வரும் வியாழன் மாலை பேரவை கூடுகிறது.

எப்படி முடிவானாலும், அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து பத்து மணிக்கு மேல குளத்து மறுகாலில் ஐந்து ஊரும் கூடுகிறோம். அமலை அகற்ற இருபது பேர் போதும் என்று முன்னே சொன்னோம். நாற்பது பேர் வந்தால் நண்பகலுக்குள் முடிந்துவிடும். அரிவாளும் நீண்ட கம்பும் கொண்டு வாருங்கள். மதியச் சோறு மேல ஊராருடையது என்று அவர்கள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். கீழ ஊர்க்காரர்கள் தயங்காமல் வந்து சாப்பிட வேண்டும்.